நந்திக்கடலுக்கு ஒரே வரைபடம் வேண்டிக் கோரிக்கை மனு

அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம்,
முல்லைத்தீவு.

விடயம்: நந்திக்கடல் பற்றித் திணைக்களங்களிடம் உள்ள அளவைத் தரவுகளையும் வரைபடங்களையும் ஒன்றுசேர்த்துத் தருதல்

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்கட்கு,

வணக்கம். நாங்கள் நந்திக்கடல் களப்பில் வலை வீசி, இறால் பிடித்துச் சீவிக்கிறவர்கள். மாரி பிறந்தால் எங்களுக்கு ஒரே யோசனைதான்: வட்டுவாகலில், களப்புக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு அடைத்து நிற்கும் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது? பிந்தினால் வயலுக்குள் வெள்ளம் ஏறும். முந்தினால் இறால் பருக்க முன்னமே கடலுக்குப் போய்விடும். நாள் குறிக்கத் தேவையான தகவல்கள் அரசாங்கத்திடம் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் கிடக்கிறது.

முத்தையன்கட்டுக் குளத்தின் வான்கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் பேராற்றால் வந்து எங்கள் களப்பில்தான் விழுகிறது. மழைக் கணக்கு வளிமண்டலவியல் திணைக்களத்திடம். நீர்வாழ் வள ஆராய்ச்சி நாரா என்ற அரசாங்க நிறுவனத்தின் வேலை. 2017 இல் அறிவிக்கப்பட்ட இயற்கை ஒதுக்கின் எல்லை வனசீவராசிகள் திணைக்களத்தினது. கரையோர வலயமோ 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி வேறொரு திணைக்களத்தின் கீழ் வருகிறது. கடற்கரையில் அது சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் என்று அளக்கப்படுகிறது.

ஒரு மார்கழி வெள்ளத்தில் வயல்காரரும் நாங்களும் வட்டுவாகல் பாலத்தடியில் வாய்த்தர்க்கப்பட்டு நின்றோம். நீர்மட்டம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மற்ற அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே கொழும்புக்கு எழுதச் சொன்னார்கள். எழுதினோம். பதில் வரமுன்னம் மணல்திட்டு தானாகவே உடைந்துவிட்டது.

எல்லைக் கல் கதையும் இப்படித்தான். கல்லடியில் நின்று ஒரு தம்பி கைபேசியில் இடம் பார்த்தான். ஒரு வரைபடத்தில் கல் கரையில் நின்றது, இன்னொன்றில் தண்ணீருக்குள். யாரோ எங்களை ஏமாற்றுகிறார்கள் என்று கோபப்பட்டோம். அப்புறம்தான் நில அளவை தெரிந்த ஒருவர் விளக்கினார்: நில அளவைத் திணைக்களம் எஸ்.எல்.டி.99 என்ற ஆள்கூற்று முறையில் வரைகிறது, பழைய வரைபடங்கள் அதற்கு முந்திய முறையில் இருக்கின்றன, கைபேசி காட்டுவது உலகப் பொது முறை. கணக்கிட்டு மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் இடம் விலகும். உயரமும் அப்படியே. கடல் வரைபடம் ஆழத்தைத் தாழ்ந்த நீர்மட்டத்திலிருந்து கணக்கிடும். தரை உயரமோ சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. எங்கள் தட்டைக் கரையில் ஓரடி பிசகினாலே வெள்ளம் எங்கெல்லாம் ஏறும் என்ற கணக்கு பிழைத்துவிடும்.

ஆகவே தங்கள் தலைமையில் இந்தத் திணைக்களங்களை ஒரே மேசையில் இருத்தி, ஒரே அடிப்படை வரைபடத்தில் அவரவர் தரவைப் பதிய வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எந்தத் திகதியில், எந்த முறையில் அளந்தது என்பதும் தமிழில் பக்கத்திலேயே இருக்க வேண்டும்; திகதி இல்லாத வரைபடத்தை நம்பி நாங்கள் தொழிலுக்கு இறங்க முடியாது. வட்டுவாகலில் ஒரு நீர்மட்ட அளவுகோல் நாட்டி, வான்கதவு திறக்க முன்னம் எங்களுக்கும் வயல்காரருக்கும் செய்தி வரச் செய்ய வேண்டும். வரைபடத்தின் பிரதி கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கட்டும். ஒன்று மட்டும்: இறால் சேரும் பள்ளங்களைத் துல்லியமாகப் போட்டு வெளியிட வேண்டாம். வெளியார் வந்து வாரிக்கொண்டு போய்விடுவார்கள்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வோர் இடமாக விண்ணப்பிக்கலாம், சரி. ஆனால் வெள்ளம் அதுவரை காத்திராது.

எங்களிடமும் தரவு உண்டு. எங்கள் பெரியவர் ஒருவர் மீள்குடியேறிய காலம் முதல் முகத்துவாரம் திறந்த நாளையும், பாலத் தூணில் தண்ணீர் ஏறிய மட்டத்தையும், முதல் இறால் பட்ட நாளையும் ஒரு கொப்பியில் எழுதி வருகிறார். அதையும் அந்த மேசையில் வைக்க நாங்கள் ஆயத்தம்.

இப்படிக்கு,
நந்திக்கடல் களப்புத் தொழிலாளர்கள்

இணைப்பு: கொப்பியின் பிரதி