சாவி யாரிடம் என்று கேள்

அன்புள்ள மாலதி,

மாமியாரை முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போவதாக எழுதியிருந்தாய். அதற்காக நீ இவ்வளவு சங்கடப்பட வேண்டாம். இத்தனை வருஷம் இந்த மாதிரி இல்லங்களில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் என்பதால் சொல்கிறேன், அறையையும் தோட்டத்தையும் பார்த்து மயங்கிவிடாதே, மருந்தை எப்படி வைத்திருக்கிறார்கள், எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்.

அலமாரி பூட்டித்தான் இருக்கும், யாராவது பார்க்க வந்தால் எல்லோரும் பூட்டிவிடுவார்கள். சாவி யாரிடம் என்று கேள். ஆணியில் தொங்கினால் பூட்டியும் ஒன்றுதான், பூட்டாவிட்டாலும் ஒன்றுதான். மார்ஃபின், ஃபென்டனில் பேட்ச் (தோலில் ஒட்டுவது) மாதிரி கடுமையான வலி மருந்துகளுக்குத் தனிப் பெட்டி, தனிப் பதிவேடு வேண்டும். ஷிப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்சுலின் வைக்கும் ஃப்ரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள். உறைந்துபோன இன்சுலினை உருக்கியும் பயன்படுத்தக் கூடாது.

ஆனால் எனக்குப் பயமெல்லாம் மருந்து அலமாரியை விட்டு வெளியே வந்த பிறகுதான். மாத்திரையைச் சின்னக் கப்பில் போட்டுக் கட்டில் பக்கத்தில் வைத்து, "அப்புறம் சாப்பிடுங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள், பதிவேட்டில் மட்டும் கொடுத்ததாகக் கையெழுத்து இருக்கும். மறதி நோய் உள்ள பக்கத்து அறைக்காரர் அதை எடுத்து விழுங்கலாம். உன் மாமியாரே கன்னத்தில் ஒதுக்கி வைத்துத் தலையணைக்கடியில் சேர்க்கலாம் (இதில் பெரியவர்கள் பலே ஆட்கள்!). விழுங்கும்வரை நின்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். விழுங்கச் சிரமம் என்று பொடிக்கிறார்களா என்றும் கேள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் ஏறிவிடும்.

அவருக்கு மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்றாயே, அது வாரத்துக்கு ஒரு நாள்தான். தவறுதலாகத் தினமும் கொடுத்து உயிரே போயிருக்கிறது. எந்தக் கிழமை என்று டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்கிவிடு. அப்புறம் நீயும் பாசத்தில் பையில் வலி மாத்திரை கொண்டுபோய் ரகசியமாகக் கொடுக்காதே, சில வலி மாத்திரைகள் இந்த மருந்தோடு சேர்ந்தால் ஆபத்து. எதுவானாலும் நர்ஸிடம் கொடு, பட்டியலில் ஏற்றட்டும்.

சேர்ப்பதற்கு முன் ஒருநாள் மருந்து கொடுக்கும் நேரத்தில் போய் ஓரமாக நின்று பார்க்க முடியுமா என்று கேட்டுப் பார். என்ன சொன்னார்கள் என்று எழுது. சரிப்படவில்லை என்றால் வேறு இடம் பார்ப்போம், நானும் கூட வருகிறேன், இப்போது சும்மாதானே இருக்கிறேன்.

அன்புடன்,
ராணி