கணினியில் திருத்தினால் சிவப்பு வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கடலுக்கடியில் படம் எடுப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் எழுத முன்வந்தவருக்கு முதலில் நன்றி. ஆனால் அதில் இருந்த இரண்டு யோசனைகளைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. டிஜிட்டல் கேமராவுக்கு ஸ்ட்ரோப் (தண்ணீருக்கடியில் கேமராவோடு பயன்படுத்தும் தனி ஃப்ளாஷ்) தேவையில்லை, நிறத்தைக் கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்பது ஒன்று. வேண்டுமென்றால் பிலிம் காலத்து ஸ்ட்ரோப் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. நான் புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொடுப்பவள். வார இறுதியில் சென்னையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் கேமராவோடு வரும் பிள்ளைகள் இப்படிப்பட்ட பேச்சை நம்பிப் பணத்தை விடுவதைக் கண்ணால் பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கடல்நீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும். 5 மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். அப்புறம் ஆரஞ்சு, அதற்கும் கீழே மஞ்சள். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் கூடையில் செக்கச்செவேல் என்று கிடக்கிற சங்கரா மீனை 18 மீட்டர் ஆழத்தில் பார்த்தால் மங்கிய சாம்பல் நிறமாகத் தெரியும். நம் மூளை கொஞ்சம் ஈடுகட்டிக்கொள்வதால் நீந்தும்போது இது பெரிதாகத் தெரியாது. கேமராவுக்கு அந்தக் கருணை கிடையாது. ஆழம் குறைந்த இடத்தில், உச்சி வெயிலில், ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்து வொயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையைத் திருத்தினால் படம் நன்றாகவே வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் 15 மீட்டருக்குக் கீழே சென்சாருக்குச் சிவப்பு வெளிச்சம் வந்து சேர்ந்தால்தானே திருத்துவதற்கு? இல்லாததைக் கணினியில் ஏற்றினால் வருவது படம் முழுக்கப் புள்ளி புள்ளியான சிதறல்தான் (நாய்ஸ்).

ஸ்ட்ரோப் இதை எப்படித் தீர்க்கிறது என்றால், தூரத்தைக் குறைத்துத்தான். 15 மீட்டர் ஆழத்துக்கு வரும் சூரிய வெளிச்சம் அத்தனை தண்ணீரையும் கடந்து வருகிறது. அரை மீட்டர் தள்ளி இருக்கும் மீனுக்கு ஸ்ட்ரோப் அடித்தால் வெளிச்சம் போய்த் திரும்பும் வழி மொத்தமே 1 மீட்டர். அதற்குள் நிறம் அதிகம் சாகாது. எவ்வளவு பெரிய ஸ்ட்ரோப்பாக இருந்தாலும் ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிட்டால் நிறம் வெளுக்கத் தொடங்கிவிடுவதும் இதனால்தான். கடலடியில் முதல் வண்ணப் படத்தை 1926இல் அமெரிக்காவின் புளோரிடாவை ஒட்டிய டிரை டார்ட்டுகாஸில் லாங்லியும் மார்ட்டினும் எடுத்தார்கள். அதற்காக மிதவையில் மக்னீசியம் பொடியைக் குவித்து வெடிக்கவிட்டார்கள். ஆபத்தான வேலை. இன்று கையடக்க ஸ்ட்ரோப் இருக்கும்போது அதை வேண்டாம் என்பது எனக்குப் புரியவில்லை.

சரி, பழைய ஸ்ட்ரோப் விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது இதுதான். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அளந்து ஃப்ளாஷின் அளவைக் கேமராவே தீர்மானிப்பதை டிடிஎல் என்பார்கள். பிலிம் கேமராவில் இந்த முறை எளிமையானது. ஃப்ளாஷ் எரிந்துகொண்டிருக்கும்போதே பிலிமின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக் கேமரா அளந்து, போதும் என்றதும் நிறுத்திவிடும். டிஜிட்டல் சென்சாரின் மேற்பரப்பு பிலிம் மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. அதனால் டிஜிட்டல் கேமரா, படம் எடுப்பதற்குச் சற்று முன்னால் சின்னதாக ஒரு முன்-ஃப்ளாஷ் அடித்து அளந்துகொள்கிறது. நிஜமான ஃப்ளாஷ் அதற்கப்புறம்தான். இரண்டும் அவ்வளவு வேகமாக நடப்பதால் நமக்கு ஒன்றாகவே தெரியும். கேமராவின் ஃப்ளாஷைப் பார்த்து எரியும் பழைய ஸ்லேவ் ஸ்ட்ரோப்புக்கோ முதலில் வந்தது அளப்பதற்கான ஃப்ளாஷ் என்று தெரியாது. அதைக் கண்டதுமே முழு பலத்தையும் கொட்டிவிடும். மறுபடி சார்ஜ் ஏறச் சில நொடி வேண்டும். ஷட்டர் திறக்கும்போது அது காலியாக இருக்கும்.

விழுப்புரத்திலிருந்து வந்த தம்பி ஒருவருக்கு இதுதான் நடந்தது. தண்ணீருக்குள் ஒவ்வொரு முறையும் பளீரென்று எரிகிறது, திரையில் பார்த்தால் படம் இருட்டு. ஸ்ட்ரோப் பழுது என்று முடிவுகட்டி விற்கப் போனார். உண்மையில் அதில் எந்தப் பழுதும் இல்லை. அவர் கேமராவில் ஃப்ளாஷை மேனுவலாக வைக்க வழி இருந்தது. அப்படி வைத்தால் முன்-ஃப்ளாஷ் அடிக்காது. 1/64 பலம் போதும், பேட்டரியும் மிச்சம். அந்தச் சின்ன வெளிச்சம் ஃபைபர் ஆப்டிக் கேபிள் வழியாகப் போய் ஸ்ட்ரோப்பை எரியவைத்துவிடும். கேமராவில் அந்த வசதி இல்லாவிட்டால், முன்-ஃப்ளாஷைக் கண்டுகொள்ளாமல் விடும் ஸ்ட்ரோப்பையோ, கேமராவின் இரண்டு ஃப்ளாஷையும் அப்படியே பின்பற்றும் ஸ்ட்ரோப்பையோதான் வாங்க வேண்டும். இனான் நிறுவனம் எஸ்-டிடிஎல் என்றும், சீ அண்டு சீ நிறுவனம் டிஎஸ்-டிடிஎல் என்றும் சொல்வது இந்த இரண்டாவது வகையை. பழையதாகவே இருக்கட்டும், முன்-ஃப்ளாஷை இது சமாளிக்குமா என்ற ஒரு கேள்வியை வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

ஸ்ட்ரோப்பை எங்கே வைப்பது என்பதும் எங்கள் கடலில் பெரிய விஷயம். தென்பெண்ணையும் சங்கராபரணியும் கொண்டுவரும் வண்டல், மழைக்காலத்துக்குப் பிறகு நெடுநாள் தண்ணீரில் மிதக்கும். கேமராவில் உள்ள ஃப்ளாஷை நேராக அடித்தால், ஊட்டி மலைப்பாதையில் மூடுபனிக்குள் ஹை பீம் போட்டது போல எதிரில் வெள்ளைப் புள்ளிகள்தான் தெரியும். கை நீளத்துக்கு ஆர்ம் (ஸ்ட்ரோப்பைத் தாங்கும் கம்பி) மாட்டி, ஸ்ட்ரோப்பை லென்ஸைவிட்டு விலக்கி, முகத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். ஒளிக்கற்றையின் ஓரம் மட்டும் மீன்மேல் பட்டால் போதும். கேமராவின் சொந்த ஃப்ளாஷ் தண்ணீருக்குள் கசியாமல், கேமராவை மூடும் நீர்புகா உறையான ஹவுசிங்கில் கறுப்பு டேப் ஒட்டிவிடுவேன். புதிய கேமராவுக்குச் செலவழிப்பதைவிட ஒரு நல்ல ஆர்முக்குச் செலவழிக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஃப்ளாஷ் அடித்தால் கடல்குதிரைக்குக் கண் போய்விடும் என்றும் கட்டுரை பயமுறுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடல்குதிரை போன்ற, கடலடித் தரையில் வாழும் மீன்களிடம் இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். ஃப்ளாஷைவிட, படத்துக்காக மீனைத் தொட்டுத் திருப்பி வைப்பதுதான் அதை அதிகம் பாதிக்கிறது என்று கண்டார்கள். அதனால் ஒரே மீன்மேல் அடித்துக்கொண்டே இருக்கலாம் என்று சொல்ல வரவில்லை. என் மாணவர்களை இரண்டு மூன்று படத்தோடு நகரச் சொல்லிவிடுவேன். ஆனால் நம் நாட்டில் கடல்குதிரை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிற உயிர். அதை விரலால் நகர்த்தாதீர்கள் என்று கட்டுரையில் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் ஒரே மீனை, ஒரே ஆழத்தில், ஸ்ட்ரோப் இல்லாமலும் ஸ்ட்ரோப்போடும் எடுத்த இரண்டு படங்களை, கணினியில் கை வைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். படம் வேண்டுமென்றால் நான் எடுத்து அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
ஸ்கூபா பயிற்சியாளர் ஒருவர்,
புதுச்சேரி