பதகளிப்புக்கும் ஒரு கிளினிக் இருக்கிறது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஊர் சனசமூக நிலையத்தில் உங்கள் பத்திரிகையை ஒருவர் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். கண்பார்வை குறைந்த இரண்டு முதியவர்களுக்காகத் தினமும் அப்படி வாசிப்பவர். முதற்பக்கத்தில், கடன் தொல்லையால் உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு குடும்பஸ்தரின் செய்தி. எப்படி, எதைக் கொண்டு, எத்தனை மணிக்கு, யார் முதலில் கண்டது, ஒன்றும் விடுபடவில்லை. வாங்கிலின் மற்றத் தொங்கலில் ஒரு பள்ளிக்கூடப் பெடியன் விளையாட்டுப் பக்கத்தை விரித்து வைத்திருந்தான். வாசித்து முடியும்வரை அவன் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

அந்தக் குடும்பஸ்தர் இருந்த நிலையில் நானும் கொஞ்சக்காலம் இருந்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தோட்டக்காரன். வயது 59. புன்னாலைக்கட்டுவனில் எட்டுப் பரப்புச் செம்மண்ணில் சின்ன வெங்காயம், இடையிடையே புகையிலை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. அதற்கு முன்பு வரிசையில் நின்றும் கிடைக்காத எண்ணெய். பிறகு கிடைத்தாலும் வாங்க முடியாத எண்ணெய். வெங்காயம் நட்டு இருபது நாள். அந்த எண்ணெயில் மெசினை ஓட்டித் தண்ணீர் இறைக்காவிட்டால் எல்லாம் போச்சு. மனைவியின் தாலிக்கொடி தவிர்ந்த நகை முழுவதும் அடைவில் கிடந்தது.

அந்தக் கிழமை ஓர் இரவு, இரண்டு மணியிருக்கும், நெஞ்சுக்குள் பதகளிக்கத் தொடங்கியது. உடம்பெல்லாம் வேர்த்து, விரல்கள் விறைத்து, மூச்சை எடுக்க எடுக்கப் போதாமல் இருந்தது. செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். மனைவி 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் ஈ.சீ.ஜி. எடுத்துப் பார்த்து, இருதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். விடியப்புறம் ஒரு இளம் பெண் டொக்டர் கட்டிலடிக்கு வந்து, "ஐயா, வீட்டில ஏதும் யோசினையோ?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபம்! "என்ன பிள்ளை, எனக்கு விசர் எண்டு சொல்லுறியளோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு துண்டில் மனநல கிளினிக் நடக்கும் நாளை எழுதித் தந்தார். வீட்டுப் படலையடிக்கு வந்ததும் அதைக் கிழித்துப் போட்டேன்.

பிறகு இன்னும் மூன்று தடவை அதேமாதிரி வந்தது. தனியார் இடங்களில் காசு கட்டிப் படம் பிடித்தேன், இரத்தம் கொடுத்தேன், மெசினில் ஓடினேன். நல்லாயிருக்கிற இருதயத்துக்கு இவ்வளவு செலவழித்தவன் எங்கள் ஊரில் நானாகத்தான் இருப்பேன். (முதல்முறை நெஞ்சைப் பரிசோதித்தது சரியான வேலை. நெஞ்சில் எது வந்தாலும் முதலில் அதைத்தான் செய்யவேண்டும். பிறகு செய்ததெல்லாம் என்னுடைய வறட்டுக் கௌரவம்.)

கடைசியில் மனைவிதான் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மோட்டார் சைக்கிளால் இறங்கியும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே போய் வாங்கில் குந்தினேன். பக்கத்தில் இருந்தவர் எங்கள் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவர். ஹெல்மெட்டுக்குள்ளேயும் என்னை மட்டுக்கட்டிவிட்டார். "பிறஷர் மருந்து எடுக்க வந்தனான்" என்றார். "நானும் அதுக்குத்தான்" என்றேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணித்தியாலம் கழித்து, யாரும் கேட்காமலே, "மூண்டு மாசமா வாறன். இப்ப நித்திரை வருது" என்றார். நான் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தேன்.

அங்கே சொன்னது இதுதான். பாம்பைக் கண்டால் உடம்பு ஓடுவதற்கு ஆயத்தப்படுமே, அதே வேலையைப் பாம்பு இல்லாமலே உடம்பு செய்கிறது. பத்து நிமிடமளவில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும், ஆளைக் கொல்லாது. மூச்சை எடுப்பதைவிட விடுவதை நீளமாக விடச் சொன்னார்கள். எண்ணிக்கை எனக்குச் சரிவரவில்லை. எடுக்கும்போது 'நம', விடும்போது 'சிவாய' என்று சொல்லிக்கொள்கிறேன், அளவாக வருகிறது. குளிசை வேலைசெய்ய இரண்டு மூன்று கிழமை எடுக்கும், நீங்களாக நிறுத்தவேண்டாம் என்றும் சொன்னார்கள். சுகம் வந்துவிட்டதென்று ஒன்றரை மாதத்தில் நானாகவே நிறுத்தி, மாட்டுப்பொங்கலன்று திரும்பவும் விழுந்தேன். படுக்கையில் கிடந்து போனில் டொலர் விலை பார்ப்பதை மனைவி நிற்பாட்டினாள். இரவில் என் போன் அரிசி வாளிக்கு மேலே இருக்கும்.

ஆனால் எனக்குப் பெரிய சுகம் தந்தது ஒரு கொப்பி. கடன்களையெல்லாம் மனைவியோடு இருந்து எழுதச் சொன்னார்கள். அவளுக்குத் தெரியாமல் வட்டிக்கு எடுத்த ஒரு லட்சத்தையும் எழுதவேண்டி வந்தது. அன்றைக்குச் சமையல் இல்லை, கதை இல்லை. ஆனால் பல மாதத்துக்குப் பிறகு அன்றிரவுதான் விடியும்வரை படுத்தேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டையால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, மழைக்குள், அம்மாவைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனவன் நான். அதையெல்லாம் தாண்டியவனுக்கு எண்ணெய் விலைக்கு ஏன் நெஞ்சு பதகளித்தது என்று கனநாள் யோசித்திருக்கிறேன். அன்று ஊரே கூட நடந்தது. யாரோ தண்ணீர் தந்தார்கள், யாரோ பக்கத்தில் அழுதுகொண்டு வந்தார்கள். 2022இல் வங்கிக் கடிதத்தை மெத்தைக்குக் கீழே ஒளித்துவிட்டு நான் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். டொக்டர் இதை எப்படிச் சொல்வாரோ தெரியாது, எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் இரண்டு விடயம் கேட்கிறேன். இப்படியான மரணங்களைப் போடும்போது வழிமுறையைப் போடாதீர்கள், முதற்பக்கத்திலும் போடாதீர்கள். உலக சுகாதார நிறுவனமும் பத்திரிகைகளுக்கு இதையே சொல்லி வைத்திருக்கிறது. செய்திக்குக் கீழே 1926 என்ற இலக்கத்தைப் போடுங்கள். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது; எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். அங்கொடை என்றதும் சிரிப்பு வரும், ஆளை ஏசுவதற்கே அந்தப் பெயரைப் பாவித்துப் பழகிவிட்டோம். 1990 சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சனசமூக நிலையத்தில் 1926 என்ன இலக்கம் என்று கேட்டேன், ஆருடைய பிறந்த வருசம் என்று திருப்பிக் கேட்டார்கள்.

மற்றது, உங்கள் சுகாதாரப் பக்கத்தில் 'மன அழுத்தம்', 'உளநெருக்கீடு' என்று எழுதுகிறீர்கள். எங்கள் வாங்கிலில் இருக்கிற ஒருவருக்கும் அது தன்னைப் பற்றியது என்று விளங்காது. நெஞ்சுக்குள் பதகளிக்குது, தலை விறைக்குது, நாரி நோகுது, ஒன்றிலும் மனமில்லாமல் அந்தரமாய்க் கிடக்குது, இப்படித்தான் நாங்கள் சொல்வோம். அப்படி எழுதினால், வாசித்துக் காட்டுகிறவர் அந்தப் பக்கத்தையும் வாசிப்பார்.

என் பெயரைப் போட்டே எழுதியிருந்தேன். நேற்றிரவு மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்றாள், பெயரை மட்டும் வெட்டச் சொன்னாள். மகளுக்குக் கலியாணம் பேசுகிறோம்.

இப்படிக்கு,
வெங்காயத் தோட்டக்காரன்,
புன்னாலைக்கட்டுவன்.