மரத்தடிக்கு ஒரு மாதம் கொடுங்கள்

மாவட்ட மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் திடலை மேம்படுத்தப் போவதாகப் பலகை வைத்திருக்கிறீர்கள். படத்தில் வளைவு, நீரூற்று, டைல்ஸ் தரை, சுற்றிலும் கம்பி வேலி. இப்போது அங்கே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைத் தேடினேன், காணவில்லை. தைப்பிங் ஏரிப் பூங்காவில் இதே மரங்களைப் பார்க்கவென்றே ஆட்கள் போகிறார்கள்.

ரப்பர்த் தோட்டக் காலத்தில் அந்த மரத்தடியில்தான் விடியுமுன் பெரட்டு கூப்பிடுவார்கள், வேலைக்கு வந்தவர்களைப் பேர் சொல்லிக் கணக்கெடுக்க. என் அம்மாவும் பால்வாளியோடு அங்கே நின்றவர்தான். தோட்டம் போய்த் தாமான், அதாவது புது வீடமைப்புப் பகுதி, வந்துவிட்டது. லயத்து வீட்டு வாசல் அஞ்சடியில் கதை பேசியவர்கள் இப்போது கேட் போட்ட வீடுகளுக்குள். வெளியே வந்து உட்கார அந்த மரம் ஒன்றுதான் மிச்சம்.

மூன்று நாள் மாலையில் போய்ப் பார்த்தேன். முன்பு நீங்கள் போட்ட சிமெண்டு பெஞ்சுகள் வெட்டவெளியில் இருக்கின்றன. ஆறு மணிக்கும் சூடு தணியாததால் பூனைகூட அதில் ஏறுவதில்லை. தாத்தாக்கள் லோங்கான் (சாக்கடை) விளிம்பில், பாட்டிகள் வேரின்மேல் துண்டு விரித்து. விளக்குக் கம்பம் கிளைகளைவிட உயரம்; வெளிச்சமெல்லாம் இலைகளுக்குத்தான். இருட்டியதும் பெண்கள் எழுந்து போய்விடுகிறார்கள்.

நியூயார்க்கில் வில்லியம் வைட் என்பவர் இதே வேலையைக் கேமராவோடு பல ஆண்டுகள் செய்தார். 1980இல் அவர் சொன்ன முடிவு சிரிப்பை வரவழைக்கும்: உட்கார வசதியுள்ள இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள்! அந்த ஊர் பிரையன்ட் பூங்கா, வெளியிலிருந்து பார்வை படாததால் போதைப்பொருள் விற்பவர்கள் கைக்குப் போயிருந்தது. மறைத்த வேலிச்செடிகளை எடுத்து, இழுத்துப் போடும் நாற்காலிகள் வைத்து 1992இல் திறந்தார்கள். சரி, நமக்குக் கம்பி வேலி எதற்கு?

நம் மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்கச் சொல்கிறது. இந்தச் சின்னத் திடலுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள். கூட்டத்தைப் பகல் பத்து மணிக்கு வைக்காதீர்கள்; அப்போது பாதி ஊர் ஃபாக்டரியில் இருக்கும்.

அதுவரை டேவானில் (பொது மண்டபத்தில்) அடுக்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபதை மரத்தடியில் ஒரு மாதம் போட்டுப் பாருங்கள். எங்கே இழுத்துப் போட்டு உட்காருகிறார்களோ, அங்கே பெஞ்சு கட்டலாம். அப்புறம், கிளைக்குக் கீழே ஒரு விளக்கு. இரவில் நாற்காலிகளை எடுத்து வைப்பது எங்கள் பொறுப்பு, டேவான் சாவி மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
திடலுக்கு எதிர்வீட்டுக்காரி