நெய்வேலி பக்கத்தில்தான், ஆனாலும் லோ வோல்டேஜ்

ஐயா,

நெய்வேலி அருகிலேயே இருக்க, காட்டுமன்னார்கோவில் பக்கத்துப் பம்புசெட்டுக்கு ஏன் லோ வோல்டேஜ் என்று பலர் கேட்கிறார்கள். அனல் நிலையம் எவ்வளவு அருகில் என்பதல்ல கணக்கு. துணைமின் நிலையத்திலிருந்து வரும் 11 கிலோவோல்ட் கம்பியின் நீளமும் தடிமனும், அதில் ஏறும் சுமையும், குறிப்பாக ரியாக்டிவ் சுமையும் (மோட்டாரின் காந்தப்புலத்துக்காக வந்து திரும்பும், வேலை செய்யாத மின்சாரம்) தான் தீர்மானிக்கும்.

உதாரணமாக, 10 கி.மீ. கம்பி, ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) 5.5 ஓம், ரியாக்டன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குக் கம்பியின் காந்தப்புலம் தரும் தடை) 3.5 ஓம். கடைசியில் 1,000 கிலோவாட் சுமை, பவர் ஃபேக்டர் (வரும் மின்சாரத்தில் வேலைக்கு உதவும் பங்கு) 0.8 என்றால் ரியாக்டிவ் சுமை 750 கிலோவார் (அதன் அலகு). கிலோவாட்டை ரெசிஸ்டன்ஸாலும் கிலோவாரை ரியாக்டன்ஸாலும் பெருக்கிக் கூட்டி, கிலோவுக்காக 1,000-ஆல் பெருக்கி, 11,000 வோல்ட்டால் வகுத்தால் வீழ்ச்சி சுமார் 740 வோல்ட், அதாவது 6.7 சதவீதம். கம்பியில் வீணாவது ஏறக்குறைய 71 கிலோவாட். கடைசியில் 450 கிலோவார் கெப்பாசிட்டர் வைத்தால் அவ்வளவு ரியாக்டிவ் அங்கேயே கிடைத்துவிடும், கம்பி சுமப்பது 300 கிலோவார்தான்; வீழ்ச்சி 595 வோல்ட்டாகும், இழப்பு 50 கிலோவாட்டுக்கு இறங்கும். கம்பியை மாற்றாமலேயே!

கெப்பாசிட்டரை இரவிலும் இணைத்தே வைத்தால் சுமையற்ற நேரத்தில் வோல்டேஜ் ஏறும். தானியங்கி சுவிட்ச் வேண்டும். கூரை சோலார் கூடினால் பகலிலும் இதே தொல்லை.

ஒரே கம்பிக்கு இது தோராயக் கணக்கு. கிளைகள் பிரிந்தால் லோட் ஃப்ளோ (ஒவ்வொரு இடத்திலும் வோல்டேஜும் மின்னோட்டமும் எவ்வளவு என்ற கணக்கு) போட வேண்டும். பெரிய மின்கட்டமைப்புக்கு நியூட்டன்-ராப்சன் முறை (ஊகித்த விடையைத் திரும்பத் திரும்பத் திருத்திச் செல்வது) நன்று. ஆனால் ரெசிஸ்டன்ஸ் ஓங்கிய கிராமத்துக் கம்பியில் அது சில சமயம் விடைக்கு வராமல் அலையும். கடைசி முனையிலிருந்து கரன்ட்டைக் கூட்டி வந்து, பிறகு வோல்டேஜைக் கழித்துப் போகும் முறையே அங்கு தோது. ஃபீடர் (துணைமின் நிலையத்திலிருந்து புறப்படும் கம்பி) வாரியாக இக்கணக்கைப் போட்ட பிறகே புது டிரான்ஸ்ஃபார்மருக்கு இடம் குறிக்க வேண்டும்.

மின் பொறியாளர்கள் சிலர்,
கடலூர்