கும்பகோணத்துல ரோட்டோரம் படுக்கறவங்களை பத்தி முழுசா ஒரு ஆய்வு நடத்த சொல்லி கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தஞ்சாவூர்.

அனுப்புநர்: கும்பகோணத்துல ராத்திரி சாப்பாட்டு பொட்டலம் குடுக்கற நண்பர்கள்.

பொருள்: வீடு இல்லாம இருக்கறவங்க எப்படி அந்த நிலைமைக்கு வந்தாங்கன்னு ஒரு வருஷம் ஆய்வு நடத்தக் கோருதல் சம்பந்தமா.

மதிப்பிற்குரிய கலெக்டர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்க பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் வாசல், மகாமகக் குளத்தங்கரை, கோயில் வாசல்னு ராத்திரியில சாப்பாடு குடுத்துட்டு வரோம். குடுக்கும்போது உக்காந்து பேசுவோம், அவங்களும் மனசு விட்டு பேசுவாங்க. அதுல எங்களுக்கு புரிஞ்சது என்னன்னா பக்கத்து பக்கத்துல துண்டு விரிச்சு படுத்திருக்கற நாலு பேரும் நாலு வேற காரணத்தால அங்க வந்திருக்காங்க, ஆனா நாம எல்லாருக்கும் ஒரே வழிதான் வெச்சிருக்கோம், வேன்ல ஏத்தி ஏதோ ஒரு ஹோம்ல விடறது. கொஞ்ச நாள்ல அதே ஆளு அதே இடத்துக்கு வந்துடறாங்க.

பாபநாசம் பக்கத்து அம்மா ஒருத்தங்க, வயசான காலம் வரைக்கும் நடவு, களை எடுப்புன்னு உழைச்சவங்க. குடிசை இருந்தது வாய்க்கால் கரை பொறம்போக்குல, ஆக்கிரமிப்பு எடுத்தப்ப அது போச்சு. எடுத்ததை தப்புன்னு சொல்ல வரல, வாய்க்கால் அடைஞ்சா கடைமடைக்கு தண்ணி ஏறாதுன்னு டெல்டாக்காரங்க எங்களுக்கு தெரியாதா, ஆனா எடுத்த பின்னாடி அந்தம்மா எங்க போனாங்கன்னு எந்த ரெஜிஸ்டர்லயும் இல்ல. அறுப்பு மெஷின் வந்ததுல கூலி வேலையும் சுருங்கிடுச்சு, மகன் திருப்பூர் போயிட்டான், சொன்ன விலாசத்துல ஆள் இல்லன்னு 1200 ரூபா முதியோர் பென்ஷனும் நின்னுடுச்சு. மிராசுதார் நிலத்துல குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிக்கு அந்த மனையை சொந்தமாக்க 1971லயே குடியிருப்பு சட்டம் வந்துச்சு, அதனால எத்தனையோ குடும்பம் பொழச்சுது. கரையில இருந்தவங்களுக்கு அப்படி ஒரு பிடிமானம் கிடைக்கல. இப்ப கலைஞர் கனவு இல்லம் திட்டத்துல குடிசைக்கு பதிலா வீடு கட்ட மூன்றரை லட்சம் தர்றாங்க, ரொம்ப நல்ல திட்டம், ஆனா குடிசையே இல்லாதவங்க எந்த மனையை காட்டி அப்ளை பண்ணுவாங்க?

இன்னொரு வகை, பிள்ளைங்க கோயிலுக்கு கூட்டிட்டு வந்து விட்டுட்டு போன பெரியவங்க. பெத்தவங்களை பிள்ளைங்க பராமரிக்கணும்ங்கற 2007 சட்டப்படி ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) கிட்ட மனு குடுக்கலாம்னு நாங்க சொன்னா, பெத்த புள்ள மேலயா கேஸ் போடறதுன்னு திருப்பி கேக்கறாங்க. அப்புறம் மனநிலை பாதிச்சு எங்கயோ ரயில் ஏறி இங்க இறங்கினவங்க, நம்ம பாஷையே தெரியாது. இவங்களை பாதுகாக்கற பொறுப்பு போலீஸுக்கு உண்டுன்னு 2017 மனநல சட்டம் சொல்லுது. வேலைக்கு போயிட்டே ரோட்டுல படுக்கறவங்களும் இருக்காங்க, மார்க்கெட்ல மூட்டை தூக்கறவங்க, கல்யாண மண்டபத்துல பாத்திரம் தேய்க்கறவங்க. இவங்களை பிச்சைக்காரங்கன்னு எழுதிடறது ரொம்ப அநியாயம்ங்க.

ரோட்டுக்கு வந்த பிறகு ஆகற கேடு தனி. டிபி மாத்திரை ஆறு மாசம் விடாம சாப்பிடணும், பை திருடு போச்சுன்னா மாத்திரையும் போச்சு, ஆதாரும் போச்சு. சர்க்கரைப் புண்ணுக்கு கட்டு போட்டு அனுப்பறாங்க, அதை நனையாம வெச்சுக்க இடம் எங்க இருக்கு. பொம்பளைங்க பயந்துகிட்டு ராத்திரி பூரா லைட் கம்பத்துக்கு கீழ உக்காந்தே இருந்துட்டு பகல்லதான் தூங்கறாங்க, அதை பாத்துட்டு சோம்பேறின்னு திட்டிட்டு போறவங்களும் உண்டு.

கணக்குன்னு இருக்கறது சென்சஸ்தான். 2011ல பிப்ரவரி 28 ஒரே ராத்திரியில எண்ணி நாடு பூரா 17 லட்சத்துக்கு மேல, தமிழ்நாட்டுல சுமார் 50 ஆயிரம்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் இனி 2027லதான். ஆனா மாசி மாசத்துல குளத்தங்கரையில இருக்கற ஆளுங்க வேற, ஐப்பசி அடைமழையில கடை வாசல்ல ஒதுங்கற ஆளுங்க வேற, அறுப்பு முடிஞ்சு வேலை இல்லாம டவுனுக்கு வர்றவங்க வேற. அதனாலதான் ஒரு வருஷம் கேக்கறோம், மழைக்காலம், அறுப்புக்காலம், கோடைன்னு மூணு தடவையாவது. ராத்திரி பத்து மணிக்கு மேல போகணும், காக்கி உடுப்புல போகக்கூடாது, கண்டதும் எழுந்து ஓடிடுவாங்க. காலேஜ் சோஷியல் ஒர்க் பசங்களையும் மெடிக்கல் காலேஜ் மனநல டாக்டரையும் கூட சேத்துக்குங்க. கடைசியா எந்த கூரைக்கு கீழ படுத்தீங்க, அங்கிருந்து ஏன் கிளம்பினீங்க, ரேஷன் கார்டு எங்க, திரும்பி போக முடியுமா, இதை பொறுமையா கேட்டாலே பாதி பதில் வந்துடும்.

லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கற அளவுக்கு இரவு பகல் காப்பகம் வேணும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. புருஷன் பொண்டாட்டியா இருக்கறவங்களை பிரிச்சு வெச்சா வரமாட்டாங்க, குடும்பத்துக்குன்னு தனியா இடம் வேணும். சென்னையில பேன்யன் அமைப்பு 2015லேர்ந்து, நாள்பட்ட மனநோயால வீடு இழந்தவங்களை சாதாரண தெருவுல வாடகை வீட்டுல நாலஞ்சு பேரா சேர்ந்து வாழ வெக்கறாங்க. பின்லாந்துல, கனடாவுல, குடியை விடு அப்புறம் வீடுன்னு சொல்லாம முதல்ல வீடு குடுத்து பாத்தாங்க, கனடாவுல அஞ்சு ஊர்ல 2000 பேருக்கு மேல வெச்சு நடத்தின ஆய்வுல வீடு கிடைச்சவங்க நிறைய பேர் வீட்டுலயே நிலைச்சாங்க. அதை அப்படியே இங்க கொண்டாரணும்னு கேக்கல, அங்க ஊதியம் வேற வாடகை வேற. நம்ம ஊருக்கு எது ஒத்துவரும்னு ஆய்வு பண்ணாதான தெரியும்.

ஆய்வு முடியற வரைக்கும் காத்திருக்க வேணாத ஒண்ணும் இருக்கு. வீடில்லாதவங்களை வோட்டர் லிஸ்ட்ல சேக்க விலாச சான்று கேக்கறது இல்ல, பூத் ஆபீசர் ராத்திரியில போய் அவங்க அங்கதான் படுக்கறாங்களான்னு பாத்து உறுதி பண்ணா போதும்னு தேர்தல் கமிஷன் விதியே இருக்கு. அதே மாதிரி ரேஷனுக்கும் பென்ஷனுக்கும் வி.ஏ.ஓ. நேர்ல பாத்து எழுதற சான்றை ஏத்துக்க ஒரு உத்தரவு போடுங்க. 2028ல மகாமகம் வருது, ஊரை சுத்தம் பண்றோம்னு இவங்களை வேன்ல ஏத்தாம இருக்கணும்னா இப்பவே ஆரம்பிச்சாதான் முடியும்.

யார் யார் எங்க படுக்கறாங்கன்னு எங்களுக்கு தெரியும். உங்க ஆபீஸ்லேர்ந்து எந்த ராத்திரி வந்தாலும் கூட நடந்து வந்து காட்ட ரெடியா இருக்கோம், அவங்க கிட்ட முன்னாடியே சொல்லி சம்மதமும் வாங்கி வெக்கறோம்.

இப்படிக்கு,
கும்பகோணம் நண்பர்கள்