தொண்டையைக் காட்டினாயா?

அன்புள்ள குருவிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தம்பி போன சனிக்கிழமை வந்து சமையலறை ஜன்னலைச் சரிசெய்துவிட்டுப் போனான். பனியெல்லாம் கரைந்து நம் ஊர் ஜெலோனா கூரா முழுக்கச் சேறு.

தொண்டையை டாக்டரிடம் காட்டினாயா? கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி ஒரே ஒரு பாட்டு பாடச் சொன்னேன், தொண்டை கட்டியிருக்கிறது என்றாய். மேஜையில் வழக்கம்போல, எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று, ஒரு தட்டு கூடுதலாக வைத்திருந்தோம். அதற்கு எதிரே போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரி, குளிர்காலம், தொண்டை கட்டத்தான் செய்யும். ஆனால் அப்புறம் நீ கூப்பிடவே இல்லை. ஏழு வாரம் ஆகிவிட்டது. லிண்டன் பூ கொதிக்கவைத்து, ஆறினதும் தேன் விட்டுக் குடி. சூட்டோடு தேன் விடாதே. நான் அனுப்பிய ராஸ்பெர்ரி பாகு தீர்ந்திருந்தால் சொல்.

வேலையில் தொந்தரவு ஏதாவது என்றாலும் சொல்லலாம். வேறு எதுவாக இருந்தாலும் சொல்லலாம்.

நான் எழுத உட்கார்ந்தது இன்னொரு விஷயத்துக்காக. அப்பாவின் ரெக்கார்டு பெட்டியைத் தூசி தட்டினேன். மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த, நம் போலந்து ஜாஸ் பாடகி உர்ஷுலா டுட்ஜாக்கின் அந்த ரெக்கார்டு கையில் வந்தது. மூலை நசுங்கினது, உனக்கு ஞாபகம் இருக்கும். பழுதாகிவிட்டது என்று நினைத்த ரெக்கார்டு பிளேயர் இரண்டு தட்டுத் தட்டியதும் ஓடியது. ராத்திரி பதினொன்று வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் பிறந்தது 1943-ல், பியெல்ஸ்கோ பக்கத்து மலை கிராமத்தில். ஆனால் வளர்ந்தது குபினிலும் நம் ஊரிலும்தான். அதனால்தான் அப்பா அவரை 'நம்ம பெண்' என்பார், ஏதோ மாடி வீட்டுக்காரர் மகளைச் சொல்வதுபோல. முதலில் பியானோதான் படித்தார். அமெரிக்க ஜாஸ் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்டின் ரெக்கார்டுகளைக் கேட்ட பிறகு பாட ஆரம்பித்தார். அந்தக் காலத்தில், கம்யூனிஸ்ட் ஆட்சியில், ஜாஸ் என்றால் பலருக்கு வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ரேடியோதான். சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு ராத்திரியில் வில்லிஸ் கானோவரின் நிகழ்ச்சியைக் கேட்பார்கள். பெரியம்மா ரேடியோ மேல் கம்பளி போர்த்திக் கேட்டதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்!

1958-ல் உர்ஷுலா பாட வந்தது கிஷிஷ்டோஃப் கொமேடாவின் குழுவில். வயது பதினைந்து இருக்கும். கொமேடா யார் தெரியுமா? பொஸ்னானில் படித்த காது மூக்கு தொண்டை டாக்டர். ஜாஸ் வாசிப்பது மருத்துவமனையில் தெரியக்கூடாது என்று பெயரையே மாற்றிவைத்துக்கொண்டு வாசித்தார். அந்தக் குரலை முதலில் பக்கத்தில் நின்று கேட்டவர் ஒரு தொண்டை டாக்டர். நீயும் காட்டு. சும்மா பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லட்டும், எனக்கு அது போதும்.

கணவர் மிஹாவ் உர்பானியாக்கோடு அறுபதுகளின் கடைசியில் வெளிநாடு போனார். 1973-ல் நியூயார்க். முப்பதை ஒட்டிய வயதில் புது ஊர், அடுத்தவர் மொழி. அவர் பாட்டுக்கு அந்த மொழி தேவைப்படவில்லை. பெரும்பாலும் வார்த்தையே இல்லாமல்தான் பாடினார். ஐந்து ஆக்டேவ், அதாவது ஐந்து ஸ்தாயி போகிற குரல் என்பார்கள். அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல், உடனே பறவைபோல ஒரு கீச்சு, நடுவில் டிரம் அடிப்பதுபோல நாக்கால் ஒரு தட்டல். பக்கத்தில் எலக்ட்ரானிக் பெட்டி இருக்கும். பாடின ஒரு துண்டை அது திருப்பித் தரும். அதன்மேல் இன்னொன்று பாடுவார், அதன்மேல் இன்னொன்று. ஒரு ஆள் நிற்கிற இடத்தில் ஒரு கூட்டமே பாடுவதுபோல இருக்கும். 1972-ல் ஆடம் மகோவிச்சோடு இரண்டே பேராக ஒரு ரெக்கார்டு போட்டார்கள். அவர் கீபோர்டு, இவர் குரல். அதற்குமேல் ஒருவரும் தேவைப்படவில்லை.

அதைக் கேட்டபோது எனக்கு நம் குளியலறைதான் ஞாபகம் வந்தது. உனக்குப் பன்னிரண்டு வயது. தொட்டி விளிம்பில் இரண்டு கேசட் பிளேயர். ஒன்றில் உன் குரல் ஓடும், கூடச் சேர்ந்து பாடுவாய், மற்றது இரண்டையும் பதிவுசெய்யும். அப்புறம் கேசட்டை மாற்றிப்போட்டு மறுபடியும். நாலாவது தடவைக்கு இரைச்சல் மழைபோல ஆகிவிடும், நீ விடமாட்டாய். அப்பா பல் தேய்க்கக் காத்துக்கொண்டு கதவுக்கு வெளியே துண்டோடு நிற்பார், தட்டமாட்டார். நான்தான் தட்டினேன். வார்த்தையே இல்லாமல் இது என்ன பாட்டு, மாடியில் என்ன நினைப்பார்கள் என்று கத்தினேன். கதவு திறந்தது. உன் காது சிவந்திருந்தது.

நியூயார்க்கிலும் அவருக்கு எல்லாம் நடந்தது. 1979-ல் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் அந்த வருடத்தின் ஜாஸ் பாடகி என்றது. பாடகர் பாபி மெக்ஃபெரினோடு பாடினார், சாக்ஸபோன் வாசிக்கிற ஆர்ச்சி ஷெப்போடு பாடினார். உன் வயதுப் பிள்ளைகளுக்கு அவர் 'பாப்பாயா'தான். எழுபதுகளில் வந்த பாட்டு, 2007-ல் பிலிப்பைன்ஸில் டிவி போட்டி நிகழ்ச்சி ஒன்றில் அதற்கு ஆடப்போய் நாடே ஆடியது. அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டியாயிற்று. இப்போது எண்பதையும் தாண்டிவிட்டார், இன்னும் மேடை ஏறுகிறார். அவரைவிட நீ எதிலும் குறைந்தவள் இல்லை. நான் அம்மா என்பதால் சொல்லவில்லை, மழைபோல இரைந்த அந்தக் கேசட்டுகளை இன்றைக்கும் கேட்கிறேன், எனக்குத் தெரியும். ஆனால் அவர் எதற்கும் பாட்டை விடவில்லை. நீ விட்டுவிட்டாய். கிடங்கில் பெட்டி கட்டுவது பாவம் என்று சொல்லவில்லை. பாட்டை ஏன் விட்டாய்?

இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நேற்று எழுதியது அது. இன்றைக்குத்தான் மறுபடியும் உட்காருகிறேன்.

நீ விடவில்லை. விடவைத்தது நான்.

1999 ஜூலை. நுழைவுத் தேர்வு முடிந்து நீ வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். போன் வந்தது. உன் பாட்டு அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, வியாழக்கிழமை இரண்டாம் சுற்றுக்கு வரவேண்டும் என்றார் ஒரு பெண்மணி, மிகவும் மரியாதையாக. அவளுக்கு இப்போது விருப்பமில்லை என்று சொன்னேன். நன்றி சொல்லி வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தி கையிலேயே இருந்தது.

நீ வந்து ரொட்டியை மேஜையில் வைத்தாய். யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டாய். இல்லை என்றேன்.

அந்தக் கோடை முழுக்கக் கீழே போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தாய். சாவிச் சத்தம் மாடி வரைக்கும் கேட்கும். ஆகஸ்டில் நிறுத்திவிட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு வேலை போய் எட்டு மாதம், பணம் இல்லை, அதெல்லாம் உண்மைதான். ஆனால் காரணம் அதில்லை. குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் எத்தனை வருடம் நின்றிருக்கிறேன்! உன்னை எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். எடுத்துக்கொண்டால் உர்ஷுலா மாதிரி தூரமாகப் போய்விடுவாய் என்று பயந்தேன். எப்படியும் போய்விட்டாய், பாட்டு இல்லாமல்.

அப்பாவுக்கு இது தெரியாது. கடைசிவரைக்கும் தெரியாது. தகுதியில்லாதவளை நம்பவைத்துவிட்டோமோ என்று உன்னை நினைத்து அவர் வருத்தப்பட்டதுண்டு. அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

கேசட்டுகள் பதினான்கு இருக்கின்றன, பிஸ்கட் டப்பாவில். தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. தம்பி ஈஸ்டருக்கு உன்னிடம் வருவதாகச் சொல்கிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். வேண்டாம் என்றால் அவனிடமே சொல்லிவிடு.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குப் போன் பக்கத்தில்தான் இருப்பேன். திட்டுவதாக இருந்தாலும் கூப்பிடு. லிண்டன் பூ ஆறின பிறகுதான் தேன்.

அம்மா